பம்ப் அறைக்குப் பின்னால் நகரத்தின் ஆன்மா

மாநகராட்சி வளாகத்தின் முன்வாசலிலிருந்து திட்டப் பிரிவுக்குப் போக நேராக ஒரு வழி இருந்தது. அகலமான, கல் பாவிய வழி. தூக்கத்தில் நடப்பவர்கூடத் தவறவிட முடியாத வழி. வரைவாளர் அதில் கால் வைத்து வருடக்கணக்காகிவிட்டது.

வாசலைத் தாண்டியதும் அவர் இடதுபக்கம் ஒதுங்குவார். வரிவசூல் கட்டடத்தின் பின்சுவரை ஒட்டிப் போய், தண்ணீர் வராத நீரூற்றுத் தொட்டியை அரைவட்டமாகச் சுற்றி, பம்ப் அறைக்கும் மதிலுக்கும் நடுவே ஒருக்களித்து நுழைந்து, கடைசியில் திட்டப் பிரிவின் பின்கதவில் கரையேறுவார். சாயங்காலம் மட்டும், அப்போது திறக்கிற தெருப்பக்கக் கதவு வழியே வீட்டுக்குப் போய்விடுவார். காலையில் அந்தப் பக்கம் பனி கலையாமல் நிற்கும். மோட்டார் தூக்கத்தில் முனகுகிறவரைப் போல ஓடிக்கொண்டிருக்கும். தொட்டியின் விளிம்பு தெரியும், அடி தெரியாது. பாதி வானத்தில் மிதப்பதாகத் தோன்றும். அந்தச் சுற்றில் அவர் யாருக்கும் கீழ்ப்பணியாளர் இல்லை, யாருக்கும் மாப்பிள்ளையும் இல்லை. தன் செருப்புச் சத்தத்தைத் தானே பின்தொடர்ந்து போகிற ஒரு ஆள், அவ்வளவுதான்.

கனவு காண்பதற்காக அவர் அப்படிச் சுற்றவில்லை. நேர்வழி பிறப்பு இறப்புப் பதிவாளரின் ஜன்னலுக்கு நேர் கீழே போனது. பதிவாளர் அவருடைய மச்சான், மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். ஆபீஸ் திறப்பதற்கு முன்பே வந்து ஜன்னலோரம் உட்கார்ந்துவிடும் ரகம். அந்த ஊரில் எவரும் இரண்டு முறை அவர் கைக்கு வந்தே ஆகவேண்டும். இரண்டு முறையும் வாய் திறந்து மறுத்துப் பேச முடியாது. அந்தப் பழக்கத்தில், உயிரோடு நடமாடுகிறவர்களும் தன்னிடம் மறுத்துப் பேச மாட்டார்கள் என்று அவர் நம்பிவிட்டார். அவர் ஜன்னல் நேர்வழியைப் பார்த்தது, அறையின் முதுகு பம்ப் அறையைப் பார்த்தது. முதுகுக்குக் கண் கிடையாது என்பது வரைவாளரின் தெம்பு.

சண்டை ஒரு மாடிப்படியில் தொடங்கியது. பதிவாளர் வீடு கட்டியபோது வரைபடம் போட்டுக் கொடுத்தவர் வரைவாளர். குடிபோன அன்று, உறவு மொத்தமும் கீழே நின்று அண்ணாந்து பார்க்க, கம்பீரமாக மாடி ஏறிய பதிவாளரின் நெற்றி உத்தரத்தில் போய் மோதியது. நெற்றியைத் தடவிக்கொண்டே அவர், இது வீட்டுக்குப் போட்ட படமா, என் மண்டைக்குப் போட்ட படமா என்று கேட்டார். வரைவாளர் அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடவில்லை.

"படத்துல மச்சான் உயரத்துக்கு இடம் விட்டுத்தான் இருந்தேன். வீடு கட்ட ஆரம்பிச்சதுக்கப்புறம் மச்சான் தலைதான் கொஞ்சம் உயர்ந்துபோச்சு."

உறவு மொத்தமும் சிரித்தது. நெற்றி வீக்கம் ஒரு வாரத்தில் வற்றிவிட்டது. அந்தச் சிரிப்பு வற்றவில்லை. கொத்தனார் தளத்தை ஏற்றிவிட்டார் என்று இவரும், கோடு போட்டவர் கோட்டை விட்டார் என்று அவரும் இன்றுவரை சொல்லிவருகிறார்கள். ஒருவருக்கொருவர் அல்ல, நடுவில் மாட்டிய மனைவியிடம்.

அவள் ஒரு மருந்துக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள். எந்தக் காய்ச்சல் எத்தனை நாளில் இறங்கும் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். இந்தக் காய்ச்சல் மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை.

இப்படி இருக்கையில்தான் நகரத்துக்கு நடக்கும் ஆசை வந்தது.

ஆணையர் எங்கோ வெளியூர் மாநாட்டுக்குப் போய்வந்தார். வந்தவர், மாநகராட்சி வளாகம் இனி வளாகம் அல்ல, 'நடைக்கினிய நகர்மையம்' என்றார். கட்டடங்களில் பாதி இடிபடும், மீதி உருமாறும். மதில் போகும், வண்டிகள் போகும், மனிதர்கள் நடப்பார்கள், நடந்து நடந்து ஒருவரையொருவர் கண்டுகொள்வார்கள். இதையெல்லாம் அவர் தன் அலுவலகத்திலிருந்து அடுத்த கட்டடத்துக் கூட்ட அரங்குக்குக் காரில் வந்து இறங்கிச் சொன்னார். ஓட்டுநர் இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தார், திரும்பிப் போக வேண்டுமே.

கூட்ட அரங்கில் அதற்கு ஒரு மாதிரி வடிவம் வைக்கப்பட்டது. அட்டைக் கட்டடங்கள், பஞ்சு மரங்கள், விரல் நக அளவில் வெள்ளை வெள்ளையாக மனிதர்கள். அந்த மனிதர்களுக்கு முகம் கிடையாது, பை கிடையாது, எங்கும் போய்ச் சேரவேண்டிய அவசரமும் கிடையாது. மின்விசிறி சுற்றும்போது எல்லோரும் ஒரே பக்கமாக லேசாகச் சாய்வார்கள். உணவு இடைவேளையில் வரைவாளர் அந்த மாதிரியின் முன்னால் நின்றுகொண்டே இருப்பார். பார்க்கப் பார்க்க, தானும் விரல் நக அளவாகி அந்தப் பஞ்சு மரத்தடியில் நிற்பதாகவும், தூரத்தில் இன்னொரு வெள்ளை உருவம் தன்னை நோக்கி வருவதாகவும் தோன்றும். அது முகம் திரும்புவதற்குள் யாராவது மின்விசிறியை அணைக்க வந்துவிடுவார்கள்.

புதிய திட்டத்தில் பிறப்பு இறப்புப் பிரிவுக்கு இடம் இல்லை. காபி குடித்துக்கொண்டு காலாற நடக்கிற இடத்தில் இறப்புச் சான்றிதழுக்கு வரிசை நிற்பது பார்வைக்கு நன்றாக இராது என்று ஒரு குழு கண்டுபிடித்தது. பிறப்பையாவது விட்டுவைக்கலாமே என்று யாரோ கேட்டதற்கு, இரண்டும் ஒரே மேசையில் நடக்கிறது என்ற பதில் கிடைத்தது. ஆக, இரண்டையும் சேர்த்து ஊர்க்கோடிக்கு அனுப்ப முடிவாயிற்று. பதிவாளர் அங்கே போய்ச் சில நாளிலேயே ஓய்வு பெறுகிறார். ஓய்வுக்குப் பிறகு மகனோடு இருக்க வேறு ஊருக்கே போய்விடப் போகிறார் என்பது மனைவி கொண்டுவந்த சேதி.

அதைச் சொன்ன அன்று அவள் குரலை உயர்த்தவில்லை. சட்டை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணன் இங்கேருந்து போயிட்டா, நீங்க சுத்திக்கிட்டுப் போறதுக்குக்கூட ஒரு ஆள் இருக்காது. அதுக்குள்ள ஒரு வார்த்தை பேசிடுங்க."

பேசாவிட்டால் என்ன செய்வாய் என்று அவர் கேட்டார். பேசாமல் இருந்துவிடுவேன் என்பாள் என்று எதிர்பார்த்தார். அது அப்படியொன்றும் பெரிய இழப்பாக அவருக்குப் படவில்லை.

"பேசாம இருக்க மாட்டேன். அது உங்களுக்கு வசதியாப் போயிடும். தினம் பேசுவேன், அண்ணனைப் பத்தி மட்டும் பேசுவேன். உங்க ஆயுசு முழுக்க."

மறுநாளிலிருந்து வரைவாளர் தினமும் வாசலில் நின்று நேர்வழியைப் பார்ப்பார். ஒரே ஒரு வார்த்தைதானே, சொல்லிவிட்டால் போயிற்று. எந்த வார்த்தை என்பதில்தான் சிக்கல். 'சௌக்கியமா' என்றால் இவ்வளவு நாள் கேட்காதது வெளியே தெரியும். 'மன்னிச்சிருங்க' என்றால் உத்தரம் தன் தவறு என்றாகிவிடும். யோசித்து முடிப்பதற்குள் கால் இடதுபக்கம் திரும்பியிருக்கும். காலுக்குத் தனிப் புத்தி.

அப்போதுதான் நடை வல்லுநர் வந்து சேர்ந்தார். இருபது நகரங்களை நடக்க வைத்தவர் என்று அழைப்பிதழில் இருந்தது. மிக மெதுவாகப் பேசுகிற அம்மாள். இரண்டு சொல்லுக்கு நடுவே எதிரில் இருப்பவர் ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்கலாம். பாதையை நாம் வரையக் கூடாது, நகரமே வரையட்டும், நம் வேலை காத்திருப்பது என்றார். அவருடைய முறை எளிமையானது. வளாகம் முழுக்க மெல்லிய வெள்ளைத் தூளைப் பரப்புவார்கள். ஜனங்கள் ஒரு வாரம் விருப்பம்போல நடப்பார்கள். கடைசியில் உயரத்திலிருந்து ஒரு படம். எங்கே தூள் கலைந்திருக்கிறதோ அங்கே மனிதர்களின் ஆசை இருக்கிறது.

தூள் பரப்பிய காலையில் வரைவாளர் வாசலில் நின்று மலைத்துப்போனார். வளாகம் இறங்கிவந்த மேகம் மாதிரி இருந்தது. கட்டடங்கள் கால் இல்லாமல் நின்றன. சத்தம்கூட வெள்ளையாகிவிட்டதோ என்று பட்டது.

ஆனால் பண்டகசாலை அதிகாரிக்கு அந்தத் தூள் கணக்கில் ஏறிய சாமான். விலை கொடுத்து வாங்கியதை யாரும் மிதித்து வீணாக்கக் கூடாது என்று அவர் காவலாளிக்கு உத்தரவு போட்டார். காவலாளி உத்தரவு என்றால் உயிரை விடுகிறவர். நேர்வழியின் இரண்டு முனையிலும் கயிறு கட்டினார். ஊதலும் கையுமாக நின்று, வந்த ஜனத்தையெல்லாம் வெளிச் சாலையைச் சுற்றிக்கொண்டு போகச் சொன்னார். ஒரு கர்ப்பிணி, ஆசைப்படி நடக்கச் சொல்லித்தானே போர்டு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, ஆசைப்படுங்கள், மிதிக்காதீர்கள் என்று பணிவாகச் சொன்னார். பம்ப் அறைப் பக்கம் அவர் போகவில்லை. அங்கே யார் வரப்போகிறார்கள்?

வாரக் கடைசியில் படம் கூட்ட அரங்கின் சுவரை அடைத்துக்கொண்டு தொங்கியது. அப்பழுக்கில்லாத வெள்ளை. அதன் நடுவே, வாசலிலிருந்து புறப்பட்டு, எங்கோ பராக்குப் பார்த்து, ஒரு தொட்டியைத் தழுவி, இடுக்கில் மறைந்து, மறுபடி வெளிப்பட்ட ஒற்றை வளைவு.

நடை வல்லுநர் கண்ணாடியைக் கழற்றினார். கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டது.

"நேரா ஒரு வழி இருக்கு. ஒருத்தர்கூட அதுல நடக்கல. காரணமே இல்லாத ஒரு இடத்துக்கு, காரணமே இல்லாம, தினமும் போயிருக்காங்க. இது பாதை இல்ல. ஏக்கம்."

நான் அப்பவே நினைச்சேன் என்றார் ஆணையர். எப்போது என்று யாரும் கேட்கவில்லை.

அன்றே அதற்குச் 'சங்கமப் பாதை' என்று பெயராயிற்று. நகரத்தின் ஆன்மா பம்ப் அறைக்குப் பின்னால் குடியிருப்பதாகத் தீர்மானம் நிறைவேறியது. புதிய நகர்மையத்தின் முதுகெலும்பு இந்த வளைவுதான். துளியும் மாற்றாமல் வரைந்து தரவேண்டும் என்று பணி வரைவாளரிடமே வந்தது.

அது தன் செருப்பு என்று அவருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. எழுந்து சொல்லியிருக்கலாம். ஆனால் தன்னுடைய கோழைத்தனத்தை இவ்வளவு பெரிய ஆட்கள் இவ்வளவு நல்ல வார்த்தையில் புகழ்ந்து அவர் கேட்டதே இல்லை. உத்தரம் இடித்ததோடு கெட்ட பெயர் வாங்கிய கைக்கு, காலாவது ஒரு நல்ல பெயர் வாங்கித் தரட்டுமே என்று இருந்துவிட்டார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்துபோனபோது வழக்கத்தைவிட நிதானமாக, கொஞ்சம் ஏக்கம் கலந்து நடந்தார். காலில் சுளுக்கா என்று மனைவி கேட்டாள்.

வளைவை வரையப் படத்தைப் பெரிதாக்கிப் பலகையில் விரித்தார். பெரிதாக்கியதும் காலடிகள் தனித்தனியாகத் தெரிந்தன. போகிற காலடிகள் தன்னுடையவை, சந்தேகமில்லை. வருகிற காலடிகளும் இருந்தன. அவை பதிவாளர் அலுவலகத்தின் பின்கதவில் பிறந்து, பம்ப் அறை இடுக்கில் நுழைந்து, தொட்டியைச் சுற்றி, வாசலுக்குப் போயின. அவற்றில் வலது பாதம் மட்டும் வெளிப்பக்கம் விரிந்து கிடந்தது.

அந்தப் பாதத்தை அவருக்குத் தெரியும். குளியலறையிலிருந்து அடுப்படிக்கு ஈரக்காலோடு தினமும் போகிற தடம். அந்த வீட்டுப் பிறப்பு எல்லாருக்கும் வலது கால் அப்படித்தான். மனைவியின் செருப்பு ஒருபக்கமாகத் தேய்வதும் அதனால்தான்.

முதலில் வந்தது கோபம். என்னைத் தவிர்க்க இவருக்கு என்ன தகுதி என்று உள்ளுக்குள் கொதித்தார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். அவருடைய பலகை ஜன்னலோரம் இருந்தது. நேர்வழி வாசல்வரை அங்கிருந்து ஒரே கோடாகத் தெரிந்தது. சாயங்காலம் அந்த வழியில் யார் போனாலும் இந்த ஜன்னலுக்குத் தன் முதுகைக் காட்டிக்கொண்டுதான் போகவேண்டும். மச்சான் காட்ட விரும்பவில்லை.

கோபம் இருந்த இடத்தில் என்னவோ தண்ணீர் மாதிரி ஊறியது. காலையில் தான் போன தடத்தில்தான் மாலையில் அவரும் நடந்திருக்கிறார். இத்தனை வருடம் ஒரே வழியில், கை கோக்காமல், ஒருவர் மிதித்த இடத்தை ஒருவர் மிதித்து. பென்சில் வளைவின் மேல் தானாகவே போய்க்கொண்டிருந்தது. தொட்டி வந்ததும் நின்றது. பதிவாளருக்கு இங்கே கடைசி நாள் எது என்று விசாரித்துக்கொண்டார். அன்று சாயங்காலம் தொட்டியருகே நின்று பேசிவிடுவது என்று முடிவு செய்தார். என்ன பேசுவது என்பதை மட்டும் அன்றைக்கு என்று தள்ளிவைத்தார்.

கெட்ட நேரமோ நல்ல நேரமோ, ஆணையரின் வெள்ளோட்ட நடையும் அதே சாயங்காலம் வைக்கப்பட்டது. சங்கமப் பாதையில் பிரமுகர்கள் முதன்முறையாக நடக்கப்போகிறார்கள். பின்சுவருக்குச் சாயம் அடித்தார்கள். தொட்டியைச் சுற்றித் தாழ்வாக மஞ்சள் விளக்குகள் வைத்தார்கள். வாசல் முனையில் காவலாளி மறுபடியும் கயிறோடு நின்றார். பாதை வரைந்தது நான்தான் என்றார் வரைவாளர். வரைந்தவர்களுக்கு நடக்க உத்தரவு இல்லை என்றார் காவலாளி. கடைசியில் வரைவாளர் பின்கதவு வழியாக, இதுவரை போகாத திசையில், தன் பாதைக்குள் தானே திருட்டுத்தனமாக நுழைந்தார்.

தலைகீழாக நடந்தால் எல்லாமே வேறாக இருந்தது. மதில் இடதுகையில் இருக்கவேண்டியது வலதுகையில் வந்தது. மழை வருவதற்கு முந்தைய சாம்பல் வெளிச்சம். விளக்குகள் அதற்குள் பழம் மாதிரி கனிந்திருந்தன. தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். தொட்டிக்குள்ளும் யாரோ தூள் பரப்பியிருந்தார்கள். ஒரு பறவை அதில் எழுதிவிட்டுப் போயிருந்தது. மோட்டார் முனகிக்கொண்டே இருந்தது. வார்த்தை வரவில்லை. வாசல் பக்கம் கார்க் கதவுகள் சாத்தப்படும் சத்தம் கேட்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்தார். நாளைக்கு என்று ஒன்று இல்லை என்பது எழுந்த பிறகுதான் உறைத்தது. ஆனாலும் கால் திரும்பிவிட்டது. ஓட்டமும் நடையுமாகப் பம்ப் அறை இடுக்குக்குள் ஒருக்களித்து நுழைந்தார்.

எதிரில், அட்டைப்பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, அதேபோல ஒருக்களித்து, பதிவாளர் வந்துகொண்டிருந்தார்.

ஒருவர் போக இன்னொருவர் பின்வாங்கியாக வேண்டிய இடம். இருவரும் சுவரில் ஒட்டிய சுவரொட்டிகள் மாதிரி நின்றார்கள். இவ்வளவு பக்கத்தில் மச்சான் முகத்தைப் பார்த்து எவ்வளவு காலம் ஆகிவிட்டது. மீசை வெளுத்துப்போயிருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லையே என்று வரைவாளருக்கு மனைவி மேல் வருத்தமாக இருந்தது.

"பின்னால போங்க மாப்பிள்ளை" என்றார் பதிவாளர்.

"முடியாது மச்சான். பின்னால ஆணையர் வர்றார்."

"எனக்குப் பின்னால கதவைப் பூட்டிச் சாவியையும் கொடுத்தாச்சு."

மழைத்துளி ஒன்று பெட்டியின் மேல் விழுந்து பரவியது.

"அவ எப்படி இருக்கா?"

"பேசிக்கிட்டே இருக்கா."

"யாரைப் பத்தி?"

"உங்களைப் பத்திதான்."

"என்கிட்ட ஃபோன்ல முச்சூடும் உங்களைப் பத்தி" என்றார் பதிவாளர். "பாவம், கடைசில அவளைப் பத்திப் பேசத்தான் ஆள் இல்ல."

தேடித் தேடிக் கிடைக்காத வார்த்தை, தேடாதபோது வரைவாளரின் வாயில் வந்து நின்றது.

"வீட்டுக்கு வாங்க மச்சான்."

"எப்போ?"

"இப்பவே. பெட்டியக் குடுங்க."

பதிவாளர் பெட்டியைக் கொடுக்கவில்லை. கொடுக்க யோசித்தார். அந்த யோசனையில் ஒரு முழு வருடத்துப் பிறப்பும் இறப்பும் நடந்து முடிந்திருக்கும். பிறகு நீட்டினார். வரைவாளர் அதை வாங்கிக்கொண்டு, பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து, இடுக்கிலிருந்து விளக்குகளின் நடுவே வெளிப்பட்டார். பின்னாலேயே மச்சான்.

பிரமுகர்கள் தொட்டியருகே குடைபிடித்து நின்றிருந்தார்கள். நடை வல்லுநர் கையை உயர்த்தி எல்லோரையும் அமைதியாக்கினார். நகரம் தன் கண்முன்னால் சங்கமிப்பதைப் பார்க்கும் பாக்கியம் இருபது நகரங்களில் அவருக்கு வாய்த்ததில்லை. கண் கலங்க, இந்தப் பாதைக்கு உங்களை எது இழுத்துக்கொண்டு வருகிறது என்று பதிவாளரைக் கேட்டார்.

பதிவாளர் உத்தியோகத்தில் ஒருநாளும் பொய்ப் பதிவு செய்ததில்லை. "இவர் முகத்துல முழிக்கக் கூடாதுன்னுதாங்க" என்றார்.

வல்லுநர் கண்ணை மூடி அதை உள்வாங்கிக்கொண்டார். உதவியாளரிடம், தனிமை தேடிப் போனவர்கள் துணை கண்டடைகிறார்கள் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். நான் அப்பவே நினைச்சேன் என்ற ஆணையர், ஊர்வலத்தை நடத்திக்கொண்டு பம்ப் அறை வரை போனார். இடுக்கு அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. ஒருக்களித்தும் பார்த்தார். நகரத்தின் ஆன்மாவைக் கொஞ்சம் அகலப்படுத்தவேண்டும் என்று அங்கேயே தீர்மானமாயிற்று.

அதற்கு எழுந்த கைதட்டல் காதில் விழும்போது இருவரும் வெளிச் சாலைக்கு வந்துவிட்டிருந்தார்கள். மழை பெய்யலாமா வேண்டாமா என்று தூறிக்கொண்டிருந்தது. கடைகளில் விளக்கேறியிருந்தது. சேர்ந்து நடந்து பழக்கம் விட்டுப்போனதில் ஒரு சங்கடம்: வரைவாளர் எட்டி அடி வைக்கிறவர், பதிவாளர் ஆற அமர நடக்கிறவர். பத்தடி போனதும் இவர் முன்னால் போய்விடுவார், நின்று திரும்பிப் பார்ப்பார். அவர் அவசரப்படாமல் வந்து சேருவார். மறுபடியும் கிளம்புவார்கள். மூன்றாவது தடவை நின்றபோது, இப்படி நின்று நின்று போனால் விடிந்துவிடும் என்றார் பதிவாளர். அப்படியானால் நீங்கள் கொஞ்சம் வேகமாக வரலாமே என்றார் வரைவாளர். பெட்டி உங்கள் கையில் இருக்கிறது, மெதுவாக நடக்கவேண்டியது நீங்கள்தான் என்றார் அவர்.

அதற்கு ஒரு நல்ல பதில் வரைவாளரின் நாக்கு நுனிவரை வந்தது. உறவு மொத்தமும் சிரிக்கக்கூடிய பதில். அதை அப்படியே விழுங்கிவிட்டு, பெட்டியை இடுப்பு மாற்றி, அடியைச் சுருக்கிக்கொண்டார்.